வாசப்படி இல்லாத மால்

ஆடி 1, வியாழன்

இந்த டைரி நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஆறு மாதமாகக் கோலம் போட்டுப் பார்க்கத்தான் உதவியது. இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஒரு பொய் சொல்லித் தொலைத்துவிட்டேன், அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

விஷயம் இதுதான். வைகாசியில் என் பையன் பிரசன்னா கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டு வந்தான். பெண் பெயர் மோனிஷா, திருவள்ளூர்ப் பக்கம். அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு. அவள் அப்பா ரைஸ்மில் வைத்திருக்கிறவர். மகள் செத்துவிட்டாள் என்று சொல்லித் தலைமுழுகிவிட்டார். நான் மட்டும் என்ன, ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேனா? இல்லை. “உள்ளே வாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்காரர்கள் சீரோடு வந்து அழைத்துப்போய், மாதம் முழுக்க வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். அதுதான் முறை. எதிர்வீட்டுப் புஷ்பவல்லிக்கு இதையெல்லாம் யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பால் பாக்கெட் எடுக்கப் போனபோதே பிடித்துக்கொண்டாள்.

“ஏன்க்கா, ஆடி பொறந்துடுச்சே. பொண்ணை அழைச்சிட்டுப் போவ யாரும் வரலியா?”

“வருவாங்க, வருவாங்க. ஆடித் தள்ளுபடி போட்டிருக்கான்ல? ஷாப்பிங் முடிச்சிட்டு அனுப்பறேன்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.”

கூசாமல் சொன்னேன். உள்ளே திரும்பினால் அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறது. குனிந்து கூட்டிக்கொண்டே போனாள்.

ஆடி 2, வெள்ளி

பொய்யை மெய்யாக்க ஷாப்பிங் போயாக வேண்டுமே. குமணன்சாவடிக்கு இந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் மாலுக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பேரம் பேசுவதில் என்னை அடிக்க ஐயப்பன்தாங்கலில் ஆள் கிடையாது. பூந்தமல்லி பிளாட்பாரத்துக்காரன் என்னைத் தூரத்தில் பார்த்தாலே பாதி விலையை இறக்கிவிடுவான். ஆனால் மாலுக்குள் இதுவரை கால் வைத்ததில்லை. “உள்ள மூச்சு விட்டாக்கூட பில்லு போடுவான்” என்று இவர் சொல்லிச் சொல்லியே என்னைத் தடுத்து வைத்திருந்தார்.

அம்மாடி! என்னவென்று எழுதுவேன். கண்ணாடிக் கதவு யாரும் தொடாமலே விலகுகிறது. உள்ளே மார்கழி மாதக் குளிர். தரையில் என் முகம் தெரிகிறது. செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அந்தப் பெண் முழங்கையைப் பிடித்து, “வேணாம் அத்தை, போட்டுக்கலாம்” என்றாள். அண்ணாந்து பார்த்தால் நாலு மாடிக்கு மேலே கண்ணாடிக் கூரை, அதற்கு மேலே வானம். ஊரில் இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் உள்ளே கொண்டுவந்து கொட்டிவிட்டான். வாயை மூட மறந்து நின்றேன்.

ஒரே ஒரு குறை. இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வாசப்படியே இல்லை. தெருவும் தரையும் ஒரே மட்டம். மஞ்சள் எங்கே பூசுவான், குங்குமம் எங்கே வைப்பான்?

எஸ்கலேட்டர் முன்னால் என் வீரம் எல்லாம் போய்விட்டது. படி பாட்டுக்குத் தரையிலிருந்து முளைத்துவருகிறது. மூன்று முறை காலைத் தூக்கி மூன்று முறை கீழே வைத்தேன். பின்னால் வரிசை கட்டிவிட்டது. அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். “கீழ மஞ்சக் கோட்டப் பாக்காதீங்க அத்தை. மேல பாருங்க. நான் புடிச்சிருக்கேன்.” மேலே பார்த்தேன். போய்ச் சேர்ந்துவிட்டேன்! சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை இறங்கி ஏறினேன்.

இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் கையைப் பிடித்தது இன்றுதான்.

ஆடி 5, திங்கள்

மறுபடி மால். நான் கண்டுகொண்டவற்றைக் குறித்துவைக்கிறேன், நாளைக்கு யாருக்காவது பயன்படும்.

சனி ஞாயிறு போகவே கூடாது. திங்கள், செவ்வாய் காலை பதினோரு மணிக்குப் போனால் விற்கிற பெண்களுக்கும் பேச ஆள் வேண்டியிருக்கும். பின்கட்டில் இருக்கிற பீஸை எடுத்துக்கொடுப்பார்கள். முன்னால் தொங்குவது கண்ணுக்கு, பின்னால் தொங்குவது பர்ஸுக்கு. மேலே ஒட்டியிருக்கிற சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் பழைய விலை இருக்கும். பாதி சமயம் இரண்டும் ஒன்றுதான், தள்ளுபடி என்பது நம் கண்ணைத்தான் தள்ளுகிறது. உள்ளே முந்நூறுக்குத் தொங்குகிற நைட்டி, மால் கேட்டைத் தாண்டி வலதுபக்கத் தள்ளுவண்டியில் நூற்றைம்பது, தையல் ஒன்றே. தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துப்போக வேண்டும். பாத்ரூம் மட்டும் இலவசம், என் சமையலறையைவிடச் சுத்தம். கைகழுவிவிட்டு வரவே மனசில்லை.

முதல் மாடித் துணிக்கடையில் அந்தப் பெண் ஒரு கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்துத் தோளில் போடாமல், கையை நீட்டி எதிரே யாரோ நிற்பதுபோல் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மாம்பழ மஞ்சள் பார்டர். அவள் வயதுக்கு உடுத்துகிற சேலையே இல்லை.

“யாருக்கு?” என்றேன்.

“சும்மாத்தான் அத்தை.” மடித்து வைத்துவிட்டாள். மடித்த இடத்தைக் கையால் நீவிவிட்டாள்.

ஃபுட் கோர்ட்டில் ஒரு ஐஸ்கிரீமை இரண்டாக்கிச் சாப்பிடும்போது தானே சொன்னாள். “அம்மா வரமாட்டாங்க அத்தை. அப்பா கற்பூரம் ஏத்தி சத்தியம் வாங்கிட்டாரு. அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், அவ நம்ம வாசப்படிய மிதிக்கவும் விடமாட்டேன்னு. அம்மா சத்தியம்னா சத்தியம்தான். நீங்க புஷ்பவல்லிக்கா கிட்ட இன்னும் எத்தனை நாளு சொல்லுவீங்க?”

அழவில்லை. ஐஸ்கிரீம் கரைகிறதே என்று என் பக்கம் தள்ளினாள். நான்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பல் கூசியிருக்கும்.

ஆடி 6, செவ்வாய்

மழை. வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். மோனிஷா குளிக்கப் போனபோது அவள் போனில் ஒரு நம்பர் பார்த்து எழுதிக்கொண்டேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய் ஒரு போன் செய்தேன். யாருக்கு என்று எழுதமாட்டேன். இவர் இந்த டைரியைப் படிக்கிறார். நேற்றைய பக்கத்தில் காபிக் கறை.

ஆடி 9, வெள்ளி

மால். வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், போகக் கூடாத நாள்தான். ஆனாலும் போனோம். மோனிஷாவை முதல் மாடியில் விட்டுவிட்டு நான் கீழே வாசலுக்கும் உள்ளுக்குமாகப் பதினெட்டுத் தடவை நடந்தேன். வாக்கிங் நல்லதாம்.

யாரும் வரவில்லை. அதாவது, விசேஷமாக ஒன்றும் இல்லை.

ஆடி 13, செவ்வாய்

கத்தரிப்பூச் சேலை இருபது சதவீதத்திலிருந்து முப்பதுக்கு வந்திருக்கிறது. ஒரே பீஸ்தான். மோனிஷா பார்க்காத நேரம் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆண்கள் பிரிவில் எட்டு முழ வேட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஐம்பதுக்கு இறங்கும்வரை அங்கேயே இருக்கட்டும். வேட்டி வாங்குகிறவன் எவனும் அடியில் கையை விடமாட்டான். மேலே இருப்பதை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

சாயங்காலம் எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. எடுக்க முடியாத இடத்தில் இருப்பார்கள்.

ஆடி 16, வெள்ளி

காலை பதினொன்றரை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு அம்மா. மஞ்சள் பை, நெற்றி நிறைய மாங்காட்டுக் கோயில் குங்குமம், கையில் எலுமிச்சம்பழம். அந்த மூக்கை நான் தினமும் சாப்பாட்டு மேஜையில் பார்க்கிறேன்.

அந்த அம்மா ஒரு எட்டு வைத்தாள். கதவு தானாகத் திறந்தது. மிரண்டு பின்னால் போனாள், கதவு மூடியது. மறுபடி ஒரு எட்டு, மறுபடி திறந்தது. தன் காலடியையே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். முழங்கால் கேட்டால்தானே! நான் வெளியே போவதற்குள் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மேலே மோனிஷா, “எங்க அத்தை போனீங்க, மூச்சு வாங்குது?” என்றாள். “நைட்டி வெல கேக்கப் போனேன்” என்றேன்.

ஆடி 17, சனி

சரி, எழுதிவிடுகிறேன். இவர் படித்தால் படிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, வீட்டு வாயை மூட நான் இருக்கிறேன்.

மோனிஷாவின் அம்மா பெயர் செங்கமலம். மாங்காடு அம்மனுக்கு ஆறு வெள்ளிக்கிழமை வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மட்டும் புருஷன் தனியாக அனுப்புகிறார். மாங்காட்டிலிருந்து மால் கூப்பிடு தூரம். அன்றைக்கு மாடியிலிருந்து போன் செய்து, “கோயிலுக்கு வர்றப்ப இங்க வந்து பொண்ணப் பாத்துட்டுப் போங்க” என்று சொன்னது நான்தான். இன்று மறுபடி கூப்பிட்டேன்.

“நேத்து வந்துட்டு ஏங்க ஓடிட்டீங்க?”

“பயந்துட்டேங்க. கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணியிருக்கேன். ஒங்க வாசப்படிய மிதிக்கக் கூடாது, அவ எங்க வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு. ஒங்க ஊரு எல்லைக்குள்ள வர்றதே தப்போன்னு இருக்கு. அம்மனுக்கு வேண்டிக்கிட்டு வந்துட்டு அம்மன் மேல பண்ண சத்தியத்த எப்பிடிங்க மீறுவேன்?”

“மால் என் வீடும் இல்ல, ஒங்க வீடும் இல்ல. அப்பறம் ஒண்ணு, அந்த மாலுக்கு வாசப்படியே கெடையாது.”

 மெதுவாக, “நெசமாவா?” என்றார்கள்.

“நாளைக்குப் போய் தடவிப் பாத்துட்டே வந்து சொல்றேன்.”

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கிளறிவைத்துவிட்டுத் தனியாக மாலுக்குப் போனேன். கதவுக்கு நேரே உட்கார்ந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையை உள்ளங்கையால் தடவினேன். செக்யூரிட்டி தம்பி ஓடி வந்தார்.

“என்னம்மா தொலைச்சீங்க?”

“வாசப்படி.”

ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அதெல்லாம் இங்க இல்லம்மா. வீல்சேர் போகணும்ல, மட்டமாத்தான் போட்டிருக்கு.”

“இல்லேன்னு உறுதியா சொல்லுவீங்களா?”

“சத்தியமா இல்லம்மா.”

போதும். வெளியே வந்ததும் செங்கமலத்துக்கு அப்படியே சொன்னேன். அவர்கள் அழுதார்களா சிரித்தார்களா தெரியவில்லை. ஒருவேளை இரண்டும்.

ஆடி 23, வெள்ளி

வரவில்லை. பதினோரு மணிக்கு ஒரே வரி மெசேஜ்: இந்த வாரம் அவரும் கூட வந்துட்டாரு.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மோனிஷா, “அத்தை, நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். வேணாம். எனக்காக யார் கிட்டயும் கெஞ்சாதீங்க. இனிமே மாலுக்கு வரல” என்றாள். பேருந்து ஹாரன் சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை என்று பாவனை செய்தேன்.

ஆடி முடிய இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. ஆடியில் வராதவர்கள் ஆவணியில் வருவார்களா? அதன்பிறகு அந்தப் பெண் கேட்கவும் மாட்டாள், எதிர்பார்க்கவும் மாட்டாள். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆடி 27, செவ்வாய்

மோனிஷா மாலுக்கு வரமாட்டேன் என்றே நிற்கிறாள். சாப்பிடுகிறாள், துவைக்கிறாள், வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறாள். சிரிப்பு மட்டும் இல்லை.

ஆடி 29, வியாழன்

முழங்கால் வலிக்கிறது, எஸ்கலேட்டரில் தனியாக ஏறப் பயமாக இருக்கிறது, நாளைக்குச் சுதந்திர தினத் தள்ளுபடி ஐம்பது சதவீதம், ஒரு சேலையைப் போய் எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்னேன். “கையப் புடிச்சிக்க ஆள் இல்லேன்னா நான் எப்பிடிம்மா போவேன்?” என்றேன். முழங்கால் வலி மட்டும் நிஜம். வருகிறேன் என்றாள்.

ஆடி 30, வெள்ளி

முதலில் மாலைப் பற்றி. இத்தனை ஜனத்தை நான் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. நாலு மாடியிலிருந்தும் மூவர்ணத் துணி அருவி மாதிரி தொங்குகிறது. நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுகிறார்கள், அந்தச் சத்தம் கண்ணாடிக் கூரைவரை போய்த் திரும்பி வருகிறது. மயிர்க்கூச்செறிந்தது.

நேரே ஆண்கள் பிரிவுக்குப் போனேன். எட்டு முழ வேட்டிக்கு அடியில் கையை விட்டேன். இருந்தது! ஐம்பது சதவீதம். பில் போட்டு பையில் வைத்துக்கொண்டேன். மோனிஷாவை முதல் மாடியில் எஸ்கலேட்டர் மேல்முனையில் நிறுத்தி, “இங்கேயே நில்லு, அசையாத. கீழ கர்சீப் ஒண்ணு மறந்துட்டேன்” என்று இறங்கினேன். தனியாகத்தான் இறங்கினேன். அவள் கவனித்திருப்பாள்.

செங்கமலம் சொன்னபடி இந்த வாரம் தனியாக வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் மஞ்சள் பை. நான் உள்ளே நின்றேன். நடுவில் கதவு திறந்தபடியே இருந்தது. அவர்கள் குனிந்தார்கள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நான் தடவிய அதே இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்கள். செக்யூரிட்டி தம்பி என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பின்னால் வந்த கூட்டத்தைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆமாங்க. இல்ல” என்றார்கள் செங்கமலம். நிமிர்ந்து உள்ளே வந்துவிட்டார்கள்.

எஸ்கலேட்டர் முன்னால் மறுபடி நின்றுவிட்டார்கள். எனக்குத் தெரியாதா அந்தப் பயம்? “இது படிதானேங்க?” என்றார்கள்.

“படிதான். ஆனா யார் வீட்டுப் படியும் இல்ல. தானா வருது, தானா போவுது.” கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. “கீழ மஞ்சக் கோட்டப் பாக்காதீங்க. மேல பாருங்க. நான் புடிச்சிருக்கேன்.”

மேலே பார்த்தார்கள். அங்கே மோனிஷா நின்றிருந்தாள்.

அந்த முகத்தை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. என் வயதில் எத்தனையோ பார்த்துவிட்டேன். நாலு மாடி வெளிச்சமும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதிவைக்கிறேன். எஸ்கலேட்டர் இவ்வளவு மெதுவாகவா போகும்? முதல் நாள் எவ்வளவு வேகமாகத் தெரிந்தது! நாங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் “அம்மா” என்று கத்தினாள். பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஃபுட் கோர்ட்டில் மூலை மேஜை. வெளிச் சாப்பாடு கூடாது என்று தலைக்கு மேலேயே போர்டு. தூக்கில் தேங்காய்ப்பால், வெல்லம், ஏலக்காய் போட்ட ஆடிப்பால். மகளுக்கு மூடியில் ஊற்றி ஊட்டாத குறை. மேஜை துடைக்கிற அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த மேஜைக்குப் போனார்கள். மோனிஷாவுக்கு ரோஜா நிறப் பட்டு, கண்ணாடி வளையல், பூ, அம்மன் எலுமிச்சம்பழம். நான் பையிலிருந்து கத்தரிப்பூச் சேலையை எடுத்து மோனிஷா கையில் கொடுத்தேன். “நீயே குடு.” அவள் பிரித்து, இந்தத் தடவை வெறும் காற்றில் பிடிக்கவில்லை. அம்மா தோளில் போட்டாள். அவ்வளவு பொருத்தம். அப்போதுதான் அழுதாள், ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த அழுகையை. நாங்கள் மூன்று பேருமே அழுதோம், மறைப்பானேன்.

மூன்று மணி நேரம். இரண்டேகால் மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் வந்ததும் செங்கமலம் நின்றார்கள். மகள் கையைப் பிடித்து என் கையில் வைத்தார்கள்.

“ஆடிக்கு வந்த பொண்ணு. நல்லபடியா வச்சிருந்து அனுப்பறேன். இனிமே நீங்க கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. எங்க வீடு இதுதான்னு வச்சிக்கங்க. மாப்பிள்ளைக்குத் தூக்குல பாலு இருக்கு.”

தூக்கை வாங்கிக்கொண்டேன். தலையை ஆட்டினேன்.

ஐயப்பன்தாங்கலில் இறங்கியதும் மோனிஷாவைக் கீழேயே பூக்காரி பக்கத்தில் நிற்கச் சொன்னேன். மூன்று மாடி ஏறி, மஞ்சள் சுண்ணாம்பு கரைத்துத் தட்டில் ஊற்றி, கற்பூரம் வைத்துவிட்டுப் பிரசன்னாவை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னேன். இவர் டிவியை அணைத்துவிட்டுத் தானாக எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். எல்லாம் படித்திருக்கிறார் மனுஷன்.

வைகாசியில் எடுக்காத ஆரத்தியை இன்று எடுத்தேன். என் மருமகள் வலது காலை எடுத்து வாசப்படியைத் தாண்டி வைத்தாள். தட்டைக் கொட்ட வெளியே வந்தால், எதிர்வீட்டுக் கதவு அரைவாசி திறந்திருக்கிறது.

“என்னக்கா ஆரத்தி எல்லாம்? பொண்ணு எப்பப் போனா?”

“போயிட்டுத்தான் வர்றா புஷ்பவல்லி. இப்பத்தான் அவங்க அம்மா வழியனுப்பிட்டுப் போனாங்க. ஆடிப்பால் இருக்கு, டம்ளர் எடுத்துட்டு வா.”

இந்த மாதம் முழுக்க அவளிடம் நான் பொய் சொல்லாத ஒரே நாள் இன்றுதான்.